டி.வி.எஸ் வீட்டு மகள்... சின்னாளபட்டி டாக்டரம்மா! உலகத்தையே ஒரு கிராமத்துக்கு வரவழைத்த சௌந்தரம்

மதுரை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறியிருக்கீங்களா? சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைரோடு எல்லாம் தாண்டியதும், வலது பக்கம் சிறுமலை கூடவே வரும். காதில் ஹெட்போன், கையில் ரீல்ஸ் என்று இருந்தால் கவனித்திருக்க மாட்டீங்க. திண்டுக்கல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் படும்: காந்திகிராமம்.

யுனிவர்சிட்டி இருக்கிற ஊர், அவ்வளவுதானே என்று நினைச்சீங்கன்னா, கொஞ்சம் நில்லுங்க. 1960 டிசம்பரில், இனி உலகத்தில் போரே கூடாது என்று நினைத்த மனிதர்கள் பல நாடுகளிலிருந்து புறப்பட்டு வந்து கூடிய இடம் அது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் வந்து பார்த்துவிட்டுப் போன இடமும் அதுதான். லண்டனையும் ஜெனீவாவையும் விட்டுவிட்டு அவர்கள் எல்லாம் ஏன் சின்னாளபட்டி பக்கம் வந்தார்கள்?

அதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால், மதுரையில் வளர்ந்த ஒரு பணக்கார வீட்டுப் பெண்ணின் கதை உங்களுக்குத் தெரிய வேண்டும். அவர் பெயர் சௌந்தரம்.

எல்லாமே இருந்த வீடு

சௌந்தரம் பிறந்தது 1904-ல். அப்பா டி.வி.சுந்தரம் ஐயங்கார். ஆமாங்க, உங்க வீட்டு வண்டியில் இருக்கிற அதே டி.வி.எஸ்! 1911-ல் அவர் தொடங்கிய நிறுவனம், மதுரையை மையமாக வைத்துத் தென் தமிழ்நாட்டின் ரோடுகளில் பஸ்களை ஓடவிட்டது. டி.வி.எஸ் பஸ் போவதைப் பார்த்து கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று எங்க தாத்தா, பாட்டி தலைமுறை இன்னமும் சொல்லும். அப்படி ஒரு பேர் வாங்கிய குடும்பம்.

பணம், மரியாதை எல்லாம் இருந்தாலும், அந்தக் காலத்து வழக்கம் அந்த வீட்டையும் விடவில்லை. சிறுமியாக இருக்கும்போதே சௌந்தரத்துக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை சௌந்தரராஜன், டாக்டர். ஆனால், அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. கணவர் சீக்கிரமே இறந்துவிட்டார். சௌந்தரம் வாழத் தொடங்கும் வயதில் விதவை ஆனார்.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐயங்கார் வீட்டில் இளம் விதவை என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? கலர் புடவை கிடையாது. விசேஷங்களில் முன்னால் வந்து நிற்க முடியாது. மறுமணம் என்ற பேச்சே எழாது. சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. ஆனால், எதிர்காலம் என்ற ஒன்று இருக்காது. வசதியான வீட்டின் பின்கட்டில், யார் கண்ணிலும் படாமல் கழிந்த எத்தனையோ பெண்களின் ஆயுள் அப்படித்தான் முடிந்தது.

சௌந்தரம் அந்தப் பின்கட்டுக்குள் போகவில்லை. படிக்கக் கிளம்பினார். பெற்றோரும் துணை நின்றார்கள்.

டெல்லியில் கிடைத்த தோழி

படிப்பு என்றால் ஏதோ ஒரு படிப்பு இல்லை, மருத்துவம். காலேஜ் பக்கத்து ஊரிலும் இல்லை. டெல்லியில் இருந்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி. பெண்களுக்காகவே நடந்த கல்லூரி அது. மதுரையிலிருந்து அங்கே போய்ச் சேர எத்தனை நாள் ரயில் பயணம் என்று யோசிச்சுப் பாருங்க. மொழி தெரியாது. சாப்பாடு வேறு. கூடப் படிப்பவர்களைவிட வயதும் கூடுதல். 1936-ல் டாக்டராக வெளியே வந்தார்.

கல்லூரியில் அவருக்கு ஒரு தோழி கிடைத்தார். சுசீலா நய்யார். பின்னாளில் காந்தியின் மருத்துவராகவும், சுதந்திர இந்தியாவின் சுகாதார அமைச்சராகவும் ஆனவர். உங்க லைஃபிலும் ஒரு ஃப்ரெண்ட் வழியாகத்தானே பல கதவுகள் திறந்திருக்கும்? சௌந்தரத்துக்கும் அப்படித்தான். சுசீலா மூலமாகக் காந்தியின் அறிமுகம் கிடைத்தது. காந்தியின் இயக்கத்தில் இருந்த ஓர் இளைஞரும் அறிமுகமானார்.

அவர் ஜி.ராமச்சந்திரன். திருவனந்தபுரம் பக்கத்துக்காரர். தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர். தீண்டாமைக்கு எதிரான வேலையில் முழுநேரமாக இறங்கியிருந்தவர். இருவருக்கும் பிடித்துப்போனது.

ஒரு வருஷம் பேசக் கூடாது!

இப்போது நிலைமையைப் பாருங்க. பெண் தமிழ் ஐயங்கார், விதவை. மாப்பிள்ளை மலையாளி, வேறு சாதி. ஊரே மதிக்கும் தொழிலதிபர் வீட்டில் இதை எப்படி ஏற்றுக்கொள்வார்கள்? ஏற்றுக்கொள்ளவில்லை. அப்பா சம்மதிக்கவில்லை.

விஷயம் காந்தியிடம் போனது. அவர் உடனே சேர்த்து வைக்கவில்லை. இருவரும் ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், பார்க்கவோ கடிதம் எழுதவோ கூடாது என்று நிபந்தனை வைத்தார். அதற்குப் பிறகும் மனசு மாறாமல் இருந்தால் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. ப்ளூ டிக் வந்து பத்து நிமிஷம் ரிப்ளை வரலைன்னாலே நமக்கெல்லாம் என்ன ஆகுது? அவர்கள் ஒரு வருஷத்தைத் தாண்டினார்கள். மனசு மாறவில்லை.

1940 நவம்பரில், சேவாகிராம் ஆசிரமத்தில் காந்தியின் முன்னிலையில் திருமணம் நடந்தது. காந்தி நூற்ற நூலில் நெய்த புடவை மணப்பெண்ணுக்கு. கஸ்தூர்பா நூற்ற நூலில் நெய்த வேட்டி மாப்பிள்ளைக்கு. டி.வி.எஸ் வீட்டுப் பெண்ணின் கல்யாணம் மதுரையில் நடந்திருந்தால் ஊரே கூடியிருக்கும். இங்கே ஒரு மண் குடிசை ஆசிரமமும், கைத்தறித் துணியும்தான்.

இது காதல் கதைதான். ஆனால், அதோடு நிற்கவில்லை. விதவை மறுமணமும் சாதி மறுப்புத் திருமணமும் ஒன்றாக நடந்தன. இன்றைக்கும் நம்ம பக்கத்தில் சாதி மாறிக் கல்யாணம் செய்தால் என்ன நடக்கிறது என்று செய்திகளில் படிக்கிறீங்க. அவர்கள் இதைச் செய்தது 1940-ல்.

நகரத்தில் கிளினிக் வைக்காத டாக்டர்

எம்.பி.பி.எஸ் முடித்த டி.வி.எஸ் மகள், மதுரையின் நல்ல தெரு ஒன்றில் போர்டு மாட்டியிருந்தால் கூட்டம் அலைமோதியிருக்கும். சௌந்தரம் 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இறங்கினார். 1944 பிப்ரவரியில் ஆகா கான் மாளிகைச் சிறையில் கஸ்தூர்பா இறந்தார். அவர் நினைவாகக் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேலை செய்ய ஓர் அறக்கட்டளை உருவானது. தென்னிந்தியாவில் அந்த வேலையைப் பார்க்கும் பொறுப்பைக் காந்தி சௌந்தரத்திடம் கொடுத்தார்.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் சின்னாளபட்டி. இன்றைக்குச் சுங்குடிச் சேலைக்குப் பேர் போன நெசவாளர் ஊர். அந்தக் காலத்தில் பிரசவம் என்றால் வீட்டில்தான், மருத்துவச்சி கையில்தான். சிக்கல் வந்தால் மாட்டு வண்டியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும். போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். அந்த மாதிரி ஊரில் ஒரு பெண் டாக்டர் சின்னதாக ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்குகிறார். கஸ்தூர்பா மருத்துவமனை என்று இன்றைக்குப் பெரிதாக வளர்ந்து நிற்பதற்கு அதுதான் விதை.

சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டு, 1947 அக்டோபரில் காந்திகிராமம் முறையாகப் பிறந்தது. ஒரு சின்னத் தகவல்: திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985-ல்தான். அதாவது, சௌந்தரம் வாழ்ந்த காலம் முழுக்க அது மதுரை மாவட்டம்தான். அவர் ஊரை விட்டுப் போகவில்லை. ஊரின் வேறொரு முனைக்கு, யாரும் போக விரும்பாத முனைக்குப் போனார்.

ஒரு டாக்டரால் மட்டும் ஆகுமா?

இங்கேதான் கதை முக்கியமான திருப்பத்துக்கு வருகிறது. ஒரு டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்க முடியும்? குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று மருந்து கொடுத்து அனுப்பினால், அடுத்த மாதம் அதே குழந்தை அதே நோயோடு வருகிறது. காரணம் குடிக்கிற தண்ணீர். அதற்குக் காரணம் வறுமை. வறுமைக்குப் பின்னால் படிப்பு இல்லை, வேலை இல்லை, சாதி இருக்கிறது. ஒரு நூலை இழுத்தால் முழுத் துணியும் கூட வருகிறது.

அதனால் காந்திகிராமம் ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. ஆதாரக் கல்விப் பள்ளி வந்தது. கிராம சேவிகைகளுக்குப் பயிற்சி வந்தது. ஆதரவற்ற குழந்தைகளுக்கும், கைவிடப்பட்ட பெண்களுக்கும் இல்லங்கள் வந்தன. கதர் நெசவு, மூலிகை மருந்துத் தயாரிப்பு என்று வேலை தரும் தொழில்கள் வந்தன. 1956-ல் கிராம உயர்கல்வி நிறுவனம் வந்தது. அதுவே 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ஆத்தூர் வட்டாரத்தில் நடந்த சுகாதார, குடும்ப நலப் பணி, இந்தியாவின் குடும்ப நலத் திட்டங்களைப் படிப்பவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் ஓர் உதாரணம். அங்கே இருந்தவர்களுக்கு சௌந்தரம் டாக்டர் இல்லை, அம்மா.

கூட வேலை செய்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆகணும். ஆர்.ஆர்.கெய்த்தான், அமெரிக்கர். 1925-ல் மதுரைக்குக் கிறிஸ்துவ மிஷனரியாக வந்தவர். காந்தியின் பக்கம் சாய்ந்ததால் பிரிட்டிஷ் அரசு இரண்டு முறை நாட்டை விட்டு அனுப்பியது. இரண்டு முறையும் திரும்பி வந்தார். கதர் கட்டிக்கொண்டு, காந்திகிராமத்தை எழுப்பியவர்களில் ஒருவராக நின்றார். சாதி, மதம், நாடு எல்லாவற்றையும் தாண்டிய கூட்டம் அது என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

இன்னொருவர் கிருஷ்ணம்மாள். வத்தலக்குண்டு பக்கம் அய்யன்கோட்டையில் ஏழை தலித் குடும்பத்தில் பிறந்த பெண். மதுரையில் அவர் படிக்க சௌந்தரம் ஆதரவாக நின்றார். பின்னாளில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனாக, தஞ்சைப் பகுதியில் நிலமில்லாத ஆயிரக்கணக்கான பெண்களின் பெயரில் நிலத்தை எழுதி வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். 2008-ல் மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்கும் அவர் கணவருக்கும் கிடைத்தது. ஒரு பெண்ணைப் படிக்க வைத்தது எத்தனை குடும்பங்களுக்கு நிலமாக மாறியது பாருங்க!

காந்திகிராமத்துக்கு வந்த உலகம்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். உலகம் ஏன் இங்கே வந்தது?

கலவரம் வந்தால் லத்தியோடு போலீஸ் வரும், போர் வந்தால் துப்பாக்கியோடு ராணுவம் வரும். ஆயுதமே இல்லாத ஒரு படை வந்தால் எப்படி இருக்கும் என்று காந்தி யோசித்திருந்தார். அதற்கு சாந்தி சேனை என்று பெயர். 1957-ல் வினோபா அதற்கு உருவம் கொடுத்தார். காந்திகிராமத்தில் ராமச்சந்திரன் அதைக் கல்லூரி மாணவர்களின் பயிற்சியாகவே ஆக்கினார். கூட்டத்தில் பதற்றம் வராமல் பார்த்துக்கொள்வது, ஆபத்தில் உதவுவது, சண்டை நடக்கும் இடத்தில் நடுவில் போய் நிற்பது எல்லாம் பாடம்.

1959 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங், மனைவி கொரெட்டாவோடு இந்தியா வந்தார். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காக மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பை நடத்தி முடித்திருந்த சமயம். காந்தியின் நாட்டை நேரில் பார்க்க வந்தவர், காந்திகிராமத்துக்கும் வந்தார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்ததுதான் பெரிய கூட்டம். 1921-ல் ஐரோப்பாவில் தொடங்கிய போர் எதிர்ப்பாளர்கள் சர்வதேச அமைப்பு, தன் மாநாட்டைக் காந்திகிராமத்தில் நடத்தியது. இரண்டாக முறிந்த துப்பாக்கிதான் அவர்கள் சின்னம். ராணுவத்தில் சேர மறுத்து ஜெயிலுக்குப் போனவர்கள் நிறைந்த அமைப்பு அது. அணுகுண்டு பயம் உலகத்தை ஆட்டிப்படைத்த காலம். சிறுமலை அடிவாரத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசிய விஷயம், சாந்தி சேனை மாதிரி உலகத்துக்கே ஒன்று ஏன் இருக்கக் கூடாது என்பதுதான்.

பேச்சு வீணாகவில்லை. 1962 ஜனவரி 1-ம் தேதி, லெபனானில் பெய்ரூட் பக்கத்தில் இருக்கும் பிரும்மானா என்ற ஊரில் உலக அமைதிப் படை உருவானது. அதன் தலைவர்களில் ஒருவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலைக்குத் துணையாக தார் எஸ் சலாமில் வேலை செய்தார்கள். சீனப் போர் முடிந்த சூட்டோடு, 1963-ல் டெல்லியிலிருந்து பீக்கிங் வரை நட்புப் பயணம் என்று நடந்தே கிளம்பினார்கள்.

அந்தப் பயணம் சீனாவுக்குள் நுழையவே முடியவில்லை. இந்தியாவிலும் எதிர்ப்பு. உலக அமைதிப் படை சில வருஷங்களில் மங்கிப்போனது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த யோசனை சாகவில்லை. 1981-ல் கனடாவில் அதே எண்ணத்தோடு சர்வதேச அமைதிப் படைகள் என்ற அமைப்பு பிறந்தது. உயிருக்கு மிரட்டல் இருக்கும் மனித உரிமைப் போராளிகளின் கூடவே, ஆயுதம் இல்லாமல், சும்மா துணைக்கு நடப்பதுதான் அவர்கள் வேலை. ஒரு வெளிநாட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் சுடத் தயங்குவார்கள், அவ்வளவுதான் கணக்கு. இன்றும் அந்த வேலை நடக்கிறது.

இந்த மாநாடுகளில் சௌந்தரத்தின் பங்கு மேடையில் தேட வேண்டியது இல்லை. சும்மா ஒரு மண்டபத்தைப் பார்க்க உலகம் இவ்வளவு தூரம் வராது. பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கிச் சாப்பிடும் விடுதியும் அங்கே இருந்தன. அமைதி என்பது போர் நடக்காமல் இருப்பது மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண் பிரசவத்தில் சாகாமல் இருப்பதும்தான் என்று அந்த இடம் நடந்து காட்டியது. அந்த இடத்தை எழுப்பியவர்களில் முதல் ஆள் சௌந்தரம்.

தேர்தல், தோல்வி, உங்க என்.எஸ்.எஸ் கேம்ப்

சேவை செய்பவர்களுக்கு அரசியல் எதற்கு என்று கேட்பவர்கள் அன்றும் உண்டு. சௌந்தரம் ஒதுங்கவில்லை. காங்கிரஸ் சார்பில் 1952-ல் ஆத்தூரிலும், 1957-ல் வேடசந்தூரிலும் ஜெயித்து எம்.எல்.ஏ ஆனார். 1962-ல் திண்டுக்கல் எம்.பி. மத்திய கல்வித் துறையில் துணை அமைச்சர். அதே ஆண்டு பத்மபூஷண் விருதும் வந்தது.

காலேஜில் என்.எஸ்.எஸ்-ல் இருந்தீங்களா? ஏழு நாள் கிராமத்து கேம்ப், ஸ்கூல் சுவருக்குப் பெயின்ட், ராத்திரி ஆட்டம் பாட்டம் எல்லாம் ஞாபகம் இருக்கா? படிக்கிற பிள்ளைகள் சமூக சேவையும் செய்ய வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு பரிந்துரைத்தது அறுபதுகளின் நடுவில். அந்தப் பேச்சுகள் டெல்லியில் நடந்தபோது கல்வித் துறையில் இருந்தவர், அதை ஏற்கெனவே ஒரு கிராமத்தில் செய்து பார்த்தவர், சௌந்தரம். 1969 செப்டம்பர் 24-ல், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவராக அவரை இன்றும் சொல்கிறார்கள்.

ஆனால், திட்டம் தொடங்கும்போது அவர் பதவியில் இல்லை. 1967 தேர்தலில் தமிழ்நாடு முழுக்க அடித்த தி.மு.க அலையில் சௌந்தரமும் தோற்றுப்போனார். அவர் வைத்தியம் பார்த்த ஊர்கள் இருக்கும் தொகுதியிலேயே தோல்வி. யாருக்காக இருந்தாலும் வலிக்கும். பதவி போன பிறகு அவர் டெல்லியில் வீடு தேடவில்லை. காந்திகிராமத்துக்கே திரும்பி வந்தார். கடைசி வரை அங்கேதான் வேலை செய்தார். 1984 அக்டோபரில், 80 வயதில் இறந்தார். 2005-ல் அவர் படம் போட்ட தபால்தலையை அரசு வெளியிட்டது.

சரி, இது உங்களுக்கு எதற்கு?

மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே சாதி ஒழிந்துவிட்டதா? இல்லை. உலகத்தில் போர் நின்றுவிட்டதா? உங்க போன் ஸ்க்ரீனிலேயே தினமும் பார்க்கிறீங்க. அப்படியென்றால் சௌந்தரம் தோற்றுவிட்டாரா?

அவர் கணக்கு வேறு மாதிரி. உலகத்தை ஒரே நாளில் மாற்றுகிறேன் என்று அவர் கிளம்பவில்லை. தனக்குத் தெரிந்த வேலை வைத்தியம். தேவை இருந்த ஊர் சின்னாளபட்டி. அங்கே போய் உட்கார்ந்தார். ஒரு வேலை இன்னொரு வேலையைக் கூட்டி வந்தது. ஓர் ஆள் இன்னோர் ஆளைக் கூட்டி வந்தார். கெய்த்தான் வந்தார், கிருஷ்ணம்மாள் வந்தார், பிறகு உலகமே வந்தது.

ஏதாவது செய்யணும்னு தோணும்போது நாம பெரும்பாலும் ஒரு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். போடுங்க, தப்பில்லை. கூடவே, உங்களுக்கு நல்லாத் தெரிந்த வேலை ஒன்று இருக்கும் இல்லையா, அது உங்க தெருவில் யாருக்குத் தேவைப்படுது என்று மட்டும் ஒரு தடவை பாருங்க.

அடுத்த முறை திண்டுக்கல் பஸ்ஸில் போகும்போது, கொடைரோடு தாண்டியதும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே பாருங்க. முடிந்தால் இறங்கியே பாருங்க. அந்த ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன.